வாயை மட்டும் அசை

வாங்க ஐயரம்மா, உள்ள வாங்க. செருப்பை அங்கனயே விடுங்க, ஒண்ணும் ஆகாது. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதிலே உக்காருங்க, காத்து வரும். காபி போடட்டா? இப்பதான் குடிச்சியளா? சரி, கொஞ்சம் பொறுத்துப் போடுதேன். ஐயர் இந்தச் சபைக்குப் போதகரா மாத்தலாகி வந்ததிலேருந்து நீங்க ஒவ்வொரு வீடா போறியன்னு கேள்விப்பட்டேன். என் வீட்டுக்கும் வருவியன்னு தெரியும். எதுக்கு வருவியன்னும் தெரியும்.

தாலந்து ஞாயிறுக்குத்தானே? ஐயர் போன வாரம் பிரசங்கத்திலே சொன்னாவ. ஆண்டவர் ஒருத்தரையும் வெறுங்கையா அனுப்பலை, எல்லாருக்கும் ஒரு தாலந்து, ஒரு திறமை உண்டு, அதைப் பொதைச்சு வைக்காம எடுத்து வெளிய கொண்டு வாங்கன்னு. நல்லாத்தான் சொன்னாவ. சின்ன ஐயரா இருந்தாலும் குரல் கணீர்னு இருக்கு. ஆனா என் பேரை மட்டும் விட்டிருங்க ஐயரம்மா. எனக்கு ஒண்ணும் இல்லை. நான் அடக்கமாச் சொல்லலை, உள்ளதைச் சொல்லுதேன்.

அந்தத் தாலந்து கதையே எனக்குப் பிடிக்காது. எஜமான் ஊருக்குப் போகும்போது அஞ்சு தாலந்து காசு குடுத்தாரு வேலைக்காரன் ஒருத்தனுக்கு, ரெண்டு குடுத்தாரு ஒருத்தனுக்கு, ஒண்ணு குடுத்தாரு இன்னொருத்தனுக்கு. ஒண்ணு வாங்கினவன் குழி தோண்டிப் பொதைச்சான், அவனை வெளிய இருட்டிலே தள்ளினாரு. சரி. எனக்கு சின்ன வயசிலேருந்து ஒரு சந்தேகம். ஒண்ணுமே வாங்காதவ ஒருத்தி அங்கன நாலாவதா நின்னிருப்பால்லா? எஜமான் அவளைப் பாக்கவே இல்லை. அப்படியே கிளம்பிப் போயிட்டாரு. அவ என்ன செஞ்சா? திரும்பி வந்தபோது அவகிட்ட கணக்குக் கேட்டாரா? அதை யாரும் சொல்ல மாட்டேங்காவ. ஐயர்ட்ட கேட்டுச் சொல்லுங்க.

மத்தவங்களுக்கு என்னமாவது இருக்கு. மேலத் தெருவிலே ஒருத்தி பிள்ளைங்களுக்குக் கதை சொன்னா, பெரியாளுவ நின்னு கேப்பாவ. இன்னொருத்தி பீடத்துக்குப் பூ வைப்பா, அப்படி வைப்பா. எனக்கு தையல் தெரியும், ஊர்லே எல்லாரும் தைக்காவ. எனக்கு வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணுதான். பாட்டு. அதை நான் கேட்டுக் கேட்டு ஜெபம் பண்ணியிருக்கேன். ஆண்டவர் அதைக் குடுத்தாரு, எனக்கு இல்லை, என் மதினிக்கு. ஒரே வீட்டுக்குள்ள, கொஞ்சம் தள்ளிக் குடுத்துட்டாரு.

மதினி பேரு பாக்கியலீலா. என் கூடப் பொறந்த அண்ணன் பெண்டாட்டி. நீங்க வரும்போது அவிய இங்க இல்லை, மகன் கூட ஓசூருக்குப் போயிட்டாவ. இந்த ஊர்லே யாரைக் கேட்டாலும் சொல்லுவாவ, மதினி பாட எந்திரிச்சா கோயில்லே கடைசி வரிசையிலே தூங்குதவங்ககூட முழிச்சிக்கிடுவாவ. கல்யாணமாகி வந்த வருசமே பாட்டுக்குழுவைக் கையிலே எடுத்துக்கிட்டாவ. நானும் அப்ப குழுவிலே சேந்திருந்தேன். புதுத் தாவணி கட்டிக்கிட்டு, பாட்டையெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போனேன். கிறிஸ்துமஸ் வரப்போகுது. பாட்டுப் பழக்கம் நடக்குது. எல்லாரும் பாடுதோம். மதினி கையைத் தூக்கி நிறுத்தினாவ. ஒவ்வொருத்தி பக்கத்திலேயும் காதை வச்சுக் கேட்டாவ. என் பக்கத்திலே வந்தாவ. கேட்டாவ. கேட்டுட்டு எல்லார் முன்னாடியும் சொன்னாவ, "கிருபா, நீ வாயை மட்டும் அசை. சத்தம் வேண்டாம்."

யாரோ சிரிச்சாவ. யாருன்னு எனக்குத் தெரியும், அவ செத்துப் போயிட்டா, அதை விடுங்க.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு வெள்ளைச் சேலை கட்டி, எல்லாரோடயும் நின்னு, வாயை மட்டும் அசைச்சேன். வெளியிலே பார்த்தவங்களுக்கு நானும் பாடுத மாதிரிதான் இருந்திருக்கும். அண்ணன்கூட வீட்டுக்கு வந்து, நல்லாப் பாடினே கிருபான்னு சொன்னாவ. அதுக்கப்புறம் நான் குழுவுக்குப் போகலை. நான் ஒண்ணும் மனசிலே வச்சிக்கிடலை. மன்னிச்சிட்டேன். அன்னைக்கே மன்னிச்சிட்டேன். அதுக்காக மறக்கணும்னு இல்லையே.

எனக்குக் கல்யாணம் அமையலை. அண்ணன் வீட்லேயே இருந்துட்டேன். அண்ணன் இருந்தவரைக்கும் ஒரு குறையும் இல்லை. அண்ணன் போன அன்னைக்கு இன்னொண்ணு நடந்தது. பெட்டியை மூடுததுக்கு முன்னாடி பாட்டு பாடுவாவல்லா, மதினிதான் பாடினாவ. புருசன் பெட்டி பக்கத்திலே நின்னு, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாம, கல்லு மாதிரி நின்னு முழுப் பாட்டையும் பாடினாவ. எனக்குத் தாங்கலை. நான் கத்தி அழுதுட்டேன். மதினி பாட்டை நிறுத்தாம என்னைப் பாத்து கையைக் காட்டினாவ. இப்படி. கீழ, கீழன்னு. அண்ணனுக்கு அழுகதுக்குக்கூட எனக்கு சுதி சேரலை போல.

அதுக்குப் பிறகு ரெண்டு அடுப்பு ஆயிட்டு. சண்டை ஒண்ணும் போடலை, ஐயரம்மா. ஊர் சொல்லுத மாதிரி இல்லை. நான் பின்கட்டிலே ஒரு ஸ்டவ் வச்சு எனக்கு மட்டும் பொங்கிக்கிட்டேன். கேஸ் வந்தா சொல்லுவாவ, கரண்டு போனா நான் சொல்லுவேன். ஒரே கோயிலுக்கு ஒரே மணிக்குப் போவோம், அவிய முன் வரிசை, நான் பின்னாடி. காலையிலே மதினி ஜெபம் பண்ணிட்டு ஒரு பாட்டு பாடுவாவ. எங்க ஊர்லே பழைய உபதேசியார் ஒருத்தர் கட்டின பாட்டு, வேற எங்கயும் கிடையாது. "விடியும் வரைக்கும் வாசல் திறந்திருக்கும், விளக்கோடு வருவார் என் நேசர்"னு வரும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் எந்திரிப்பேன். அலாரம் மாதிரி. அவ்வளவுதான் எங்களுக்குள்ள.

ஐப்பசி அடைமழையிலே ஒரு நாள் அந்தச் சத்தம் கேக்கலை. நான் பாட்டுக்குப் படுத்துக் கிடந்தேன். வெளிச்சம் வந்துட்டு, பால்காரன் வந்துட்டான், பாட்டு இல்லை. போய்ப் பாத்தா கட்டிலுக்குக் கீழ கிடக்காவ. ஒரு பக்கம் வாய் கோணி, கண்ணு மட்டும் முழிச்சிருக்கு. எவ்வளவு நேரமாக் கிடந்தாவளோ.

பாளையங்கோட்டையிலே ஆஸ்பத்திரியிலே வச்சுப் பாத்தோம். ஜெபநேசன் ஓடி வந்தான், மதினி மகன். உயிரு தப்பிட்டு. வலது கை, வலது கால் விழுந்துட்டு. பேச்சு போயிட்டு. அங்க இருந்த டாக்டரம்மா நல்லவிய, பொறுமையா விளக்கிச் சொன்னாவ. புத்தி தெளிவாத்தான் இருக்கு, சொல்லுதது எல்லாம் விளங்கும், ஆனா பேச்சு வார வழி அடைச்சிட்டுன்னு. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம். "இல்ல." அது ஒண்ணுதான். பசிக்குதான்னா, இல்ல. சோத்தை எடுத்துட்டுப் போனா கையைப் பிடிச்சு இழுப்பாவ, இல்ல, இல்ல. பேரு என்னன்னா, இல்ல.

ஜெபநேசன் லீவு முடியுத மட்டும் இருந்தான். அவன் பெண்டாட்டிக்கும் வேலை, பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம். போகும்போது என் கையைப் பிடிச்சிக்கிட்டு, "அத்தை, கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கிடுங்க"ன்னான். நான் சரின்னேன். வேற என்ன சொல்ல? நான் அன்பினாலே செய்யலை ஐயரம்மா. இதை நீங்க ஐயர்ட்டயும் சொல்லலாம். வேற ஆள் இல்லை, அதான் செஞ்சேன். ஒவ்வொரு நாள் காலையிலேயும் ஆண்டவரே, இன்னைக்கு ஒரு நாள் நான் இவிய மேலே எரிஞ்சு விழாம இருக்க உதவி பண்ணும்னுதான் ஜெபம் பண்ணுவேன். நாளைக்கும் சேத்துக் கேட்டா பேராசையா இருக்கும்னு கேக்க மாட்டேன்.

என்னவெல்லாம் செய்யணும்னு உங்களுக்குத் தெரியாது, சின்னப் பிள்ளை நீங்க. தூக்கணும், திருப்பணும், துணி மாத்தணும். மதினி பெரிய உடம்பு. அவியளுக்கோ வெக்கம். என்கிட்ட போய் இப்படிக் கிடக்கோமேன்னு வெக்கம். இடது கையாலே டம்ளரைத் தூக்கி எறிவாவ. எனக்குக் கோவம் வரும். நானும் ஒரு தடவை சோத்துத் தட்டை டங்குனு வச்சிட்டு வெளிய போய் நின்னிருக்கேன். பிறகு பசிக்குமேன்னு உள்ள வந்தேன்.

கோயில்காரங்க முதல்லே வந்தாவ, ஜெபம் பண்ணினாவ. பழமெல்லாம் வாங்கி வந்தாவ. பேச முடியாத ஆளுகிட்ட எவ்வளவு நேரம் உக்கார முடியும்? பைய பைய நின்னு போச்சு. குத்தமாச் சொல்லலை. எனக்கும் கோயிலுக்குப் போக முடியாமப் போச்சு. அந்த வருசம் நான் தப்பவிட்டதிலே எனக்கு ரொம்பக் குறையானது பெரிய வியாழன்தான். ஆண்டவர் சீஷர் காலைக் கழுவின மாதிரி ஐயர் குனிஞ்சு உக்காந்து சபை மூப்பர் காலையெல்லாம் கழுவுவாவல்லா, எனக்கு அதைப் பாத்தா கண்ணு கலங்கிரும். ஒரு வருசமும் விட்டதில்லை. அந்தத் தடவையும் போகலாம்னு சேலைகூட எடுத்து வச்சேன். மதினிக்கு அந்த வலது கால் வீங்கியிருந்தது. சுடுதண்ணியிலே வச்சு, உருவிவிட்டு, விரலுக்கு நடுவிலே எல்லாம் தொடைச்சு, அதை முடிக்கும்போது அங்க ஆராதனை முடிஞ்சு ஆளுவ தெருவிலே போறாவ. அதை நினைச்சா இப்பவும் வருத்தமாத்தான் இருக்கு. அந்தப் பாக்கியம் கிடைக்காமப் போச்சே.

நான் முன்னயும் பின்னயும் சொல்லுதேன். பெரிய வியாழன் பிறகு வந்தது. இனி சொல்லப் போறது தை மாசத்திலேயே நடந்துட்டு.

பின்கட்டிலே பாத்திரம் தேய்ச்சிக்கிட்டிருக்கேன். வீடு அப்படியே உறைஞ்சு கிடக்கும் ஐயரம்மா, ஒரு சத்தம் இருக்காது. மதினி பாட்டும் இல்லைன்னு ஆனபிறகு இந்த வீடு ஊரையே விட்டுத் தள்ளிப் போன மாதிரி ஆயிட்டு. நான் என்ன நினைச்சேனோ, அந்த உபதேசியார் பாட்டை நானே பாட ஆரம்பிச்சேன். இனி யாரு கேக்கப் போறா, யாரு நிறுத்தப் போறா. சத்தமாவே பாடினேன். "விடியும் வரைக்கும் வாசல் திறந்திருக்கும்." அந்தத் திறந்திருக்கும்ங்கிற இடத்திலே ஏத்தணும். எனக்கு ஏறாது. எனக்கு எப்பவும் அந்த இடம் இறங்கித்தான் வரும்.

உள்ளேருந்து ஒரு சத்தம். "திறந்திருக்கும்." ஏத்திப் பாடுது. சரியா ஏத்தி.

நான் கையைக்கூடக் கழுவலை, சாம்பலும் கையுமா ஓடினேன். மதினி கட்டில்லே கிடக்காவ. என்னைவிட அவிய பயந்து போயிருக்காவ. இடது கையாலே வாயைத் தொட்டுத் தொட்டுப் பாக்காவ. நான் சொன்னேன், மதினி, பேசுங்க. "இல்ல"ங்காவ. பேசுங்க மதினி, இப்ப பேசினியளே. இல்ல, இல்ல. கண்ணுலே தண்ணி கொட்டுது. எனக்கு அழுகையும் வந்தது, கோவமும் வந்தது. பாருங்க, இத்தனை மாசம் கழிச்சு வாயிலேருந்து வந்த முத வார்த்தை என்ன? என் தப்பைத் திருத்துனது. தண்ணி குடுன்னு வரலை, மகன் பேரு வரலை. நான் சுதி விட்டது பொறுக்கலை, பேச்சே வந்துட்டு.

மறுநாள் நான் அதே பாட்டை ஒழுங்காப் பாடப் பாத்தேன், ரொம்ப கவனமா. உள்ளேருந்து ஒண்ணும் இல்லை. அடுத்த வரியிலே பழைய மாதிரி இறங்கிட்டு. உடனே மதினி சத்தம். நான் திரும்ப வேணும்னே இறக்கினேன். திரும்ப ஏத்தினாவ, வார்த்தையோட. அப்பதான் எனக்குப் பிடிபட்டது. டாக்டரம்மாகிட்ட போன்லே சொன்னேன். அவியளுக்கு அவ்வளவு சந்தோசம். பேச்சு ஒரு வழியா வரும், பாட்டு வேற வழியாவும் வருமாம், ஒரு வழி அடைச்சாலும் மத்தது சிலபேருக்குத் திறந்திருக்குமாம். பாடச் சொல்லுங்க, அதுக்குள்ளயே பேச்சை வச்சுப் பழக்குங்கன்னு சொல்லிக் குடுத்தாவ.

அப்படித்தான் ஆரம்பிச்சது. தண்ணி வேணும்ங்கிறதை அந்த உபதேசியார் பாட்டு ராகத்திலே வச்சேன். நான் பாதி பாடுவேன், "தண்ணி..." மதினி அப்படியே கிடப்பாவ, தொண்டை அசையும், நான் அவிய இடது கையை எடுத்து மெத்தையிலே தாளம் தட்டுவேன், மெல்ல, மெல்ல, "...வேணும்" வரும். முத தடவை வந்தபோது நான் தண்ணி குடுக்க மறந்துட்டேன். பிறகு எல்லாத்துக்கும் ராகம் வச்சோம். காபி சூடு இல்லைங்கிறதுக்கு லெந்து நாள் சிலுவைப் பாட்டு ராகம், அது கொஞ்சம் துக்கமா இருக்குமே, அதுதான் பொருந்துச்சு. வெளிய போகணும்ங்கிறதுக்கு ஒரு கல்யாணப் பாட்டு, வேகமா இருக்கும், அவசரமில்லா. எல்லாத்துக்கும் முதல்லே நான் தப்பாப் பாடணும். தப்பாப் பாடினாத்தான் மதினிக்கு உள்ள இருக்கிறது எந்திரிக்கும். அதுக்கு எனக்கு மெனக்கெடவே வேண்டாம், அது ஒண்ணுதான் எனக்கு இயல்பா வரும்.

பின்கட்டு ஸ்டவ்வை எப்ப விட்டேன்னு ஞாபகம் இல்லை. ரெண்டு தடவை எதுக்குப் பொங்கணும்னு ஒரே அடுப்பாயிட்டு. மதினி உப்பு பத்தலைன்னு பாடுவாவ, நான் உங்க வாயிலேதான் ருசி இல்லைன்னு பாடுவேன். தெருவிலே போறவங்க நின்னு பாப்பாவ, ரெண்டு கிழவிகளுக்கும் மூளை கலங்கிட்டுன்னு நினைச்சிருப்பாவ. மதினி சிரிப்பாவ, ஒரு பக்கமாத்தான் சிரிப்பு வரும். எனக்கு அந்தக் கோணச் சிரிப்பு பழகிப் போச்சு. காலையிலே ரெண்டுபேரும் சேந்து பாடுவோம். என் சத்தம் வெளிய கேக்க, அவிய பக்கத்திலே நான் பாடினது அப்பத்தான் முத தடவை.

ஒரு நாள் மத்தியானம் மதினி என்னமோ சொல்லணும்னு முட்டுதாவ. சாப்பாடும் இல்லை, தண்ணியும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையா எடுத்து, விட்டு, திரும்ப எடுத்து. வெளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் ஆச்சு. நான் சேத்துச் சேத்துப் பாத்துப் புரிஞ்சிக்கிட்டேன். "உங்கண்ணன் கேட்டாவ. முழுசாப் பாடுன்னு. நீ அழுதே. நான் அழுதா பாட்டு நின்னுரும்."

அண்ணன் ஆஸ்பத்திரியிலே கிடக்கும்போது அப்படிக் கேட்டிருக்காவ போல, என்னை அடக்கம் பண்ணுதபோது நீதான் பாடணும், இடையிலே நிறுத்தக் கூடாதுன்னு. எனக்குத் தெரியாது. அதைச் சொல்லிட்டு மதினி என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தாவ. நான் சரி, தூங்குங்கன்னு சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டேன். ஆனாலும் கையை அப்படிக் காட்டியிருக்க வேண்டாம். அதைத்தான் நான் சொல்லுதேன்.

மே மாசம் ஜெபநேசன் வந்தான். வாசல்லே நிக்கும்போதே மதினி அவனைப் பேர் சொல்லிப் பாடிக் கூப்பிட்டாவ. அவன் அங்கனயே உக்காந்து அழுதான். ரெண்டு நாள் கழிச்சு சொன்னான், அத்தை, இவ்வளவு வந்துட்டுன்னா இன்னும் வரும், ஓசூர்லே பேச்சுப் பயிற்சி குடுக்குத இடம் இருக்கு, நான் கூட்டிட்டுப் போறேன்னு. நல்ல பிள்ளை, அம்மாவை விடலையே. நான்தான் கூட்டிட்டுப் போன்னு சொன்னேன். துணியெல்லாம் நானே மடிச்சு வச்சேன். மதினி கட்டில்லே உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாவ, ஒண்ணும் பாடலை. கார்லே ஏத்தி உக்கார வச்சதும் என் சேலை முந்தியைப் பிடிச்சிக்கிட்டாவ. இடது கைக்குப் பலம் ஜாஸ்தி, தெரியுமா. ஜெபநேசன்தான் விரலை ஒவ்வொண்ணா எடுத்துவிட்டான்.

அவனும் கேக்கலை, நீங்களும் வாங்கன்னு. அவனைக் குத்தம் சொல்லலை. ரெண்டு ரூம் வீடு. நான் போய் அங்க என்ன செய்ய? பயிற்சி குடுக்க படிச்ச பிள்ளைங்க இருக்காவ.

இப்ப எனக்கு நிம்மதி ஐயரம்மா. எவ்வளவு நாள் கழிச்சு நல்லாத் தூங்குதேன். விடியுமுன்னே முழிப்பு வந்துருது, அது வயசு. எந்திரிச்சு அந்த ரூமுக்குப் போய் ஜன்னலைத் திறந்து வச்சிட்டு வருவேன், பூட்டியே கிடந்தா வாடை வந்துரும்லா. டீவியைப் போட்டு விடுவேன், நான் பாக்கறதில்லை, அது பாட்டுக்கு ஓடும். போன வாரம் கேஸ் கொண்டாந்த தம்பிகிட்ட ரெண்டு வார்த்தை பேசினேன், நான் இன்னும் நாலு தெருவுக்குப் போகணும்மான்னு சொல்லிட்டு ஓடிட்டான். எல்லாருக்கும் அவசரம்.

மதினி போன் பண்ணுவாவ, ஞாயித்துக்கிழமை. அங்க நல்லாச் சொல்லிக் குடுக்காவ. இப்ப ராகம் இல்லாமலே பேச்சு வருது. "நல்லா இருக்கேன் கிருபா. சாப்டியா." சுத்தமா, தெளிவா, நம்மளை மாதிரியே. எனக்கு சந்தோசமா இருக்காதா? அவ்வளவு நாள் பட்ட பாட்டுக்கு ஆண்டவர் கண்ணைத் திறந்துட்டாரு. ஒண்ணே ஒண்ணு. அந்தப் பேச்சு சமமா இருக்கு ஐயரம்மா. ஏத்தமும் இல்லை, இறக்கமும் இல்லை. நான் ஒரு தடவை போன்லே வேணும்னே பழைய மாதிரி பாடிப் பாத்தேன், காபி குடிச்சியளான்னு. பக்கத்திலே பேரப்பிள்ளைங்க சத்தம். மதினி, "குடிச்சேன்"னாவ. அவ்வளவுதான். நல்லது. அவிய குணமாயிட்டாவன்னு அர்த்தம்.

சரி, இதெல்லாம் எதுக்கு உங்ககிட்ட சொல்லுதேன்? தாலந்துன்னு கேட்டியள்லா. அதுக்குத்தான். எங்க வீட்டுத் தாலந்து மதினியோட போயிட்டு. என்கிட்ட ஒண்ணும் இல்லைன்னு ஐயர்ட்ட சொல்லிருங்க. அன்னைக்கு நான் பின்னாடி உக்காந்து எல்லாரையும் பாக்கேன். அதுக்கும் ஒரு ஆள் வேணும்லா.

ஐயரம்மா. என்ன இது, ஏன் அழுதிய? நான் என்னமும் தப்பாப் பேசிட்டேனா? இந்தாங்க, முகத்தைத் தொடைங்க. மெல்லச் சொல்லுங்க, அவசரம் இல்லை.

யாருக்கு? ஐயரோட அப்பாவுக்கா?

உங்க குருமனை வீட்டிலே பின்னாடி ரூம்லே ஒரு பெரியவர் இருக்காருன்னு சொன்னாவ. வெளிய காணலையே, யாரையும் உள்ள விட மாட்டேங்கியளேன்னு நினைச்சேன். இதே வாதமா? வலது பக்கமா? இங்க மாத்தலாகி வாரதுக்கு முன்னாடியேவா. நீங்க மட்டும் ஒத்தையிலே பாக்கியளா இவ்வளவு நாளா? பாவம் பிள்ளை.

பேச்சு ஏதும் வருதா? ஒரே ஒரு வார்த்தை வருதா. என்ன வார்த்தை? சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். ஏன் தலையைக் குனியிய?

ஓ. கெட்ட வார்த்தையா.

அதனாலேதான் யாரையும் உள்ள விடலையா. ஐயர் ஜெபம் பண்ணப் போனாலும் அதையேதான் சொல்லுதாரா. ஐயருக்கு மனசு எப்படி இருக்கும். ஊருக்கெல்லாம் பிரசங்கம் பண்ணிட்டு வந்து வீட்டிலே அப்பா வாயிலேருந்து அதைக் கேக்கணும்னா. ஐயரம்மா, இங்க பாருங்க. அவரா சொல்லலை. அது தானா வருது. மதினிக்கு இல்லன்னு ஒட்டிக்கிட்டுது, இவருக்கு இது ஒட்டிக்கிட்டுது. மதினி இல்லன்னு சொன்னதெல்லாம் இல்லன்னு நினைச்சுச் சொன்னதா? சோறு குடுங்கன்னும் சொன்னாவ, வலிக்குன்னும் சொன்னாவ, போகாதேன்னும் சொன்னாவ, எல்லாத்துக்கும் அந்த ஒண்ணுதான். இவரும் என்னென்ன சொல்லுதாரோ அதுக்குள்ள.

பாடுவாரா? கோயில்லேகூட வாயைத் திறக்க மாட்டாரா. சரி, விடுங்க. என்ன வேலை பாத்தாரு?

கண்டக்டரா? எந்த ரூட்டு? நாகர்கோவில் ரூட்டா, திருநெல்வேலியிலேருந்து? வேலையிலே சேந்ததிலேருந்து அதே ரூட்டா?

அப்ப அவருக்கு ராகம் உண்டு ஐயரம்மா. அந்தக் காலத்துக் கண்டக்டர் ஊர்ப் பேரைச் சும்மாவா சொல்லுவாவ? படியிலே நின்னுக்கிட்டு இழுத்து இழுத்துச் சொல்லுவாவளே. தூங்குதவனும் எந்திரிச்சு இறங்குவான். அது எங்க போகும்? உள்ளதான் கிடக்கும்.

இருங்க, கதவைப் பூட்டிட்டு வாரேன். காபி உங்க வீட்டிலே குடிச்சிக்கிடலாம். இதையெல்லாம் தாலந்துன்னு ஐயர்ட்ட சொல்லி என் பேரைப் போட்டுராதீங்க, ஆமா. எனக்கு இப்ப வேலை ஒண்ணும் இல்லை, அதான் வாரேன். அவரு திட்டினா திட்டட்டும், எனக்கு டம்ளர் எறிபட்டுப் பழக்கம்தான். கட்டில் பக்கத்திலே உக்காந்து, நான் முதல்லே நாங்குநேரின்னு இழுப்பேன். இழுத்துட்டு, அடுத்த ஊருக்கு முன்னாடி நிறுத்திருவேன். நீங்களும் ஐயரும் ஒண்ணும் எடுத்துக் குடுக்கக் கூடாது, கேட்டியளா. எவ்வளவு நேரம் ஆனாலும் சும்மா இருக்கணும்.

வள்ளியூரை அவரு சொல்லட்டும்.